நேத்துத் தண்ணி

செவக்குறிச்சிக்கு ஆற்றுத் தண்ணீர் வந்த அன்றைக்கு ஊர்ச் சனம் மொத்தமும் வீட்டிலிருந்த பழைய தண்ணீரைக் குடத்திலும் அண்டாவிலும் சுமந்துகொண்டுபோய் இருளாயி வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பியது. கொட்டின தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல், சாக்கடைக்கும் போகாமல், ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கொட்டினவர்கள் பின்னாலேயே அவரவர் வீட்டுக்குப் போயிற்று.

இருளாயி தண்ணீர் விற்று ஆளானவள். இடுப்புக் குடத்தில் ஆரம்பித்து, தள்ளுவண்டிக்கு ஏறி, டிராக்டருக்கு மாறி, கடைசியில் முகப்பில் தன் பேரையே கொட்டை எழுத்தில் எழுதிய லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரியானவள். ஊருக்குக் கிழக்கே ஓணான்கூட ஒதுங்காத ஒரு பாறைக்காட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்ததும் அதன்மேல் காறித் துப்பினாள். "இதையும் நெலம்னு விக்க வந்திட்டியாக்கும்" என்று விற்க வந்தவனை வைது, போவதுபோல் போய், கூப்பிடட்டும் என்று மெதுவாக நடந்து, கூப்பிட்டதும் வேண்டாவெறுப்பாகத் திரும்பி வாங்கினாள். எந்தப் பொருள் வேண்டுமோ அதைக் காலால் ஒதுக்கிப் பேச வேண்டும் என்பதுதான் அவள் படித்த படிப்பு. பாறையை உடைத்து உடைத்துக் கீழே போனாள். பாதிக் கிணற்றில் புருசன்காரன் கோபித்துக்கொண்டு போனான். போகட்டும் என்று மீதியையும் தோண்டினாள். தண்ணீர் வந்தது. லேசாக உப்புக் கரிக்கும், ஆனால் எந்தக் கோடையிலும் வற்றாது. "அவ வாய் மாதிரியேதான்யா அவ தண்ணியும்" என்று சொல்லிக்கொண்டே ஊர் வாங்கிக் குடித்தது. "வாய்க்குத் தனியா வெலை கெடையாது, கொசுறு" என்று சொல்லிக்கொண்டே அவளும் ஊற்றினாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கிணறு ஒன்றுதான்.

செவக்குறிச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தால் வீட்டிலிருக்கிற தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குடத்தில் பாதி இருந்தாலும் சரி, கழுத்துமட்டும் இருந்தாலும் சரி, நேற்றுப் பிடித்தது நேத்துத் தண்ணி. அதைக் குடித்தால் சளி பிடிக்கும், அதில் உலை வைத்தால் சோறு நொந்துபோகும், அதை நீட்டினால் விருந்தாளி முகம் சுளிப்பார். லாரி ஹாரன் தெருமுனையில் கேட்டதுமே வாசலுக்கு வாசல் குடம் கவிழும் சத்தம் கேட்கும். இருளாயி லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்தபடி அதைப் பார்ப்பாள். அவர்கள் கொட்டக் கொட்டத்தான் அவளுக்கு வியாபாரம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரியும்.

"ஏண்டி, நான் பாறையைப் பொளந்து எடுத்தது உன் சாக்கடைக்கு வார்க்கவா?"

"வித்துட்டேல்ல மதினி? எங்க தண்ணி. குடிப்போம், கொட்டுவோம், உனக்கென்ன?" என்பாள் எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம்.

அதைக் கேட்டதும் இருளாயிக்குக் கோபம் இரட்டிப்பாக வரும்.

ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தது பேரூராட்சித் தலைவர் தனுஷ்கோடி. ஒரு காலத்தில் இருளாயியின் தள்ளுவண்டியைத் தள்ளியவன் அவன். ஒரு நாள் கடைவீதியில் குடம் ஒன்றைச் சாய்த்துவிட்டுச் சிரித்தான் என்பதற்காக, அத்தனை பேர் பார்க்க அவன் கன்னத்தில் அறைந்தாள். அந்த அறை அவன் கன்னத்திலேயே தங்கி, அவனோடு வளர்ந்து, அவனோடு கட்சியில் சேர்ந்து, அவனோடு தேர்தலில் நின்று செயித்தது. தூரத்து ஆறு ஒன்றிலிருந்து குழாய் பதித்து, மேல்நிலைத் தொட்டி கட்டி, தெருவுக்குத் தெரு குழாய் நட்டு, கொட்டுமேளத்தோடு தண்ணீரைத் திறந்துவிட்டான். ஒரு கை ஏந்திக் குடித்தான்.

"கல்கண்டு! இனிமே இந்த ஊர்ல எவளும் தண்ணிக்கு வெலை சொல்ல முடியாது. பழைய தண்ணிய எங்க கொட்டணும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டான்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊர் கிளம்பிற்று. தனுஷ்கோடி தன் வீட்டுத் தரைத்தொட்டியையே காலி பண்ணி, டிரம் டிரம்மாக ஏற்றிவந்து, தன் கையாலேயே சாய்த்தான். இருளாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஊத்துங்கடா. உங்க அப்பனாத்தாளுக்குக் கடைசியா வாயில விட்டதும் இந்தத் தண்ணிதான். நல்லா ஊத்துங்க."

ஊற்றிவிட்டுத் திரும்பினார்கள். பஞ்சவர்ணம் தன் நிலைப்படியில் கால் வைத்தபோது குதிகால் சில்லென்றது. திரும்பிப் பார்த்தாள். ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர், அவள் கொட்டினது, அவள் நின்றதும் தானும் நின்றது. "சூ" என்றாள், கோழியை விரட்டுவதுபோல. கொஞ்சம் நகர்ந்து, மறுபடி வந்து காலடியில் படுத்துக்கொண்டது. தெரு நீளத்துக்கும் "சூ, சூ" என்ற சத்தம். இருளாயி தன் வாசலைப் பார்த்தாள். கொட்டின சுவடே இல்லாமல் புழுதி பறந்தது. இத்தனை நாளும் சாக்கடைக்குப் போன தண்ணீருக்கு அன்றைக்குத்தான் ரோசம் வந்திருந்தது. அவள் சிரித்த சிரிப்பு கடைவீதிவரை கேட்டதாகச் சொல்வார்கள்.

முதலில் ஊர் பயந்தது, பிறகு அலுத்துக்கொண்டது, பிறகு பழகிக்கொண்டது. கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பை விடுகிற இடத்தில் தண்ணீரையும் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்ததும் அது அதனதன் ஆளைச் சரியாகக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் எல்லாருடைய தண்ணீரும் பந்திக்கடியில் ஒன்றாய்க் கலந்து கிடந்தாலும், மொய் வைத்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு சொட்டு மாறாமல் பிரிந்து போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் சாதகத்துக்கு முன்னால் குதிகாலைப் பார்த்தார்கள், குட்டை சின்னதாக இருந்தால் சிக்கனக்காரி, பெரிதாக இருந்தால் "பிறகு சொல்லி அனுப்புகிறோம்." ஊருக்கு யோக்கியனாக இருந்த மளிகைக்கடைக்காரரின் தண்ணீர் போகக் கூடாத வீட்டு வாசலில் மத்தியான நேரத்தில் காத்துக் கிடந்து, அவர் மானத்தை வாங்கியது. செத்துப்போனவரின் தண்ணீர் பாடைக்குப் பின்னால் சுடுகாட்டுக்குப் போய், சாம்பல் ஆறும்வரை நின்று, அங்கேயே காய்ந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அன்றைக்கு மட்டும் தங்கள் தண்ணீரைத் திட்டாமல் இருந்தார்கள். பஞ்சவர்ணத்தின் குட்டையில் ஒரு தவளை குடிவந்தது. அதற்கும் சேர்த்து அவள் இருளாயியைச் சபித்தாள்.

ஏனென்றால் இருளாயி ஒருத்தியின் குதிகால் மட்டும் உலர்ந்திருந்தது. அவள் ஒரு நாளும் ஒரு சொட்டும் கொட்டியதில்லை. ஊருக்கு அது பொறுக்கவில்லை. செய்வினை என்றார்கள், மலையாளத்து மாந்திரீகம் என்றார்கள். பெண்கள் கூட்டமாக வந்து, பின்னால் குட்டைகள் சளசளக்க, அவள் வாசலில் நின்றார்கள்.

"உன் தண்ணிய நீயே எடுத்துக்க மதினி. எங்களுக்கு வேணாம்" என்றாள் பஞ்சவர்ணம்.

"வித்த சரக்க திரும்ப எடுக்கிற பழக்கம் என்கிட்ட இல்ல. நீதானே சொன்ன, எங்க தண்ணின்னு? கூட்டிட்டுப் போ. தவளைக்குப் பேரு வச்சுட்டியா?"

"நீ நல்லாருப்பியா? உன் கெணறு தூந்து போகும்டி!"

"மதினி போயி டி வந்திருச்சா? வரட்டும், வரட்டும்."

ஆற்றுத் தண்ணீருக்கு இந்தக் குணம் கிடையாது. அது எங்கிருந்தோ வந்தது. ஊரில் ஒருத்தர் முகமும் அதற்குத் தெரியாது. தெருக்குழாய்களின் திருகை உடைத்தெறிந்துவிட்டு அது பாட்டுக்கு ஓடவிட்டார்கள். அது யாரையும் பின்தொடராமல் சாக்கடைக்குள் விழுந்து போயிற்று. புதுத் தண்ணீர் நாள் முழுதும் வந்ததால் நேத்துத் தண்ணியும் நாள் முழுதும் உண்டாகிக்கொண்டே இருந்தது. மேலிடத்திலிருந்து கடுதாசி வந்ததால் பேரூராட்சி நீர்ச் சிக்கன வாரம் கொண்டாடியது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி "உயிர்நீரைச் சேமிப்போம்" என்று சுற்றினார்கள்; தனுஷ்கோடி மேடையேறிப் பேசினான். அவன் கொட்டிய தொட்டித் தண்ணீர் ஒரு குளம் அளவுக்கு அவன் பின்னாலேயே வந்து, படியேறி, மேடை முழுக்கப் பரவி, ஒலிபெருக்கி வயரை நனைத்து, அவன் "சிக்கனம்" என்று சொல்லும்போதெல்லாம் கரகரவென்று இருமியது. சனம் சிரித்தது. அவன் பேரூராட்சிக் கூட்டத்தில் முழங்கால் தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி அவனை வீட்டுக்குள் விடுவதை நிறுத்தி, கட்டிலை வாசலுக்குத் தூக்கிப் போட்டாள். கன்னத்திலிருந்த பழைய அறை நனைந்து வீங்கிற்று.

தீர்மானம் போட்டான். எல்லாவற்றுக்கும் மூலம் அந்தக் கிணறு. கிணற்றைத் தூர்த்துவிட்டால் அதன் தண்ணீரும் அடங்கிவிடும். பொதுநலன் கருதித் தூர்க்க வேண்டும். எல்லாரும் கை தூக்கினார்கள்.

கல்லும் மண்ணும் ஏற்றிய லாரிகள் கிழக்கே பாறைக்காட்டில் வந்து நின்றன. ஊரும் வந்தது. இருளாயி அரிவாளோடு கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களின் ஏழு தலைமுறையையும் எழுப்பி வைதுகொண்டிருந்தாள். தண்ணீரோடு கல்லைப் போட்டால் பொங்கி வழியும், தூர்ப்பதானால் முதலில் அதை இறைத்துக் கொட்ட வேண்டும். மோட்டார் அறைச் சுவரில் சுவிட்ச் இருந்தது. யார் அமுத்துவது?

அப்போதுதான் எல்லாருக்கும் அது உறைத்தது. கொட்டுகிறவன் பின்னாலேயே வருகிற தண்ணீர். ஒரு குடம் கொட்டினதற்கே இந்தப் பாடு. முழுக் கிணற்றையும் கொட்டுகிறவன் கதி? தூர்ப்பதற்குக் குத்தகை எடுத்த வெளியூர்க்காரர் டீக்கடையில் குட்டைகளைப் பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருந்தார். தனுஷ்கோடி பக்கத்தில் நின்ற போலீஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"நான் பந்தோபஸ்துக்கு வந்தவன்யா, சுவிட்சுக்கு வரல" என்றார் அவர், தன் உலர்ந்த பூட்சைப் பார்த்தபடி.

இருளாயி வைவதை நிறுத்தினாள். தனுஷ்கோடியின் குதிகாலில், கயிறு கட்டிய எருமைக்கன்று மாதிரி அவனுடைய குளம் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், கிணற்றுக்குள் பார்த்தாள், கல் லாரிகளைப் பார்த்தாள். இத்தனை பேரையும் ஒரு அரிவாளால் தடுக்க முடியாது. கல் விழத்தான் போகிறது. தண்ணீரோ, எவன் கை வெளியே கொட்டுகிறதோ அவன் பின்னால் போகப்போகிறது. அந்தக் கை ஏன் தன் கையாக இருக்கக் கூடாது? கிணறு வேண்டும். வேண்டும் என்றதும் அவள் காறித் துப்பினாள்.

"இந்த உப்புத் தண்ணிக்கா இத்தனை படை? தூர்த்துக்க. தீர்மானம் போட்டவன் நீ, நீயே சுவிட்ச அமுத்து."

"கெணறு உன்னுது. நீதான் அமுத்தணும்."

"நானா? என் குதிகால்ல ஈரம் பட்டதில்லடா இன்னைக்கு வரைக்கும். ஏன், உனக்குக் கை சூம்பிப்போச்சா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அவன் கன்னத்தில் விழுந்தது.

"இன்ஸ்பெக்டர் சார், இந்தப் பொம்பள அரசாங்கத் தீர்மானத்துக்குத் தடை பண்றா. இவ தண்ணி லாரியப் பறிமுதல் பண்ணுங்க, ஆளையும் ஜீப்புல ஏத்துங்க."

"ஏத்து, ஏத்து. போய் ஒக்காந்துக்கிறேன். ஆனா சுவிட்ச எவன் அமுத்துவான்? சாயங்காலம் வரைக்கும் வேடிக்கை பாருங்க." கிளம்புவதுபோல் இறங்கினாள். மெதுவாக நடந்தாள்.

"யக்கா" என்றான் தனுஷ்கோடி, குரலை இறக்கி. தள்ளுவண்டி தள்ளிய காலத்துக்கு அப்புறம் அவன் அவளை அக்கா என்றதில்லை. "சண்டை எதுக்கு? நீ அமுத்திரு. உன் லாரிய விட்டுர்றேன்."

அவள் வேண்டாவெறுப்பாகத் திரும்பினாள்.

"அமுத்துறேன். ஆனா வெளிய வந்தது எங்க போனாலும் என்னுது. நாளைக்கு எவனாவது ஊர்த் தண்ணி, பொதுத் தண்ணின்னு கேட்டு வந்தா நாக்க அறுத்துருவேன்."

"உன் சாக்கடைய எவன் கேக்கப்போறான்?"

"அப்படி வளைச்சுப் பேசாத. கேக்க மாட்டோம்னு நேராச் சொல்லு. ஊரும் சொல்லட்டும்."

"கேக்க மாட்டோம்!" என்றது ஊர், பஞ்சவர்ணத்தின் தவளை உட்பட.

இருளாயி மோட்டார் அறைக்குள் போனாள். பேரம் படிந்த கை. ஆனாலும் சுவிட்சைத் தொடுமுன் அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கொட்டுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தியாகப் போகிறாள். பாறையில் முதல் ஈரம் தட்டின அன்றைக்கு அந்தச் சேற்றை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டவள். கண்ணை மூடிக்கொண்டு அமுத்தினாள்.

பொழுது சாயும்வரை கிணறு ரோட்டில் கொட்டியது. மோட்டார் சேற்றை உறிஞ்சித் திணறி நின்றதும், கொட்டிக் கிடந்த தண்ணீர் எழுந்தது, வேப்ப மரத்தளவு உயரத்துக்கு எழுந்து, ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, ஊர் முகத்திலெல்லாம் உப்புத் தெறிக்க, நேரே அவளிடம் வந்து குதிகாலை நனைத்தது. இருளாயி அழவில்லை. "வந்துட்டியா சனியனே" என்றாள். "வா, போவோம்."

அவள் மேற்கே தார்ரோட்டில் நடந்தாள், பின்னால் கிணறு நடந்தது. ஊரின் குட்டைகளும் குழம்பிப்போய் ஒரு கணம் தங்கள் ஆட்களின் காலைச் சுற்றிவிட்டு, தாயைக் கண்ட கன்றுகள் மாதிரி அவிழ்ந்துகொண்டு பின்னால் ஓடின. தவளை ஓடிற்று. தனுஷ்கோடியின் குளமும் அவனைத் திரும்பிப் பாராமல் ஓடிற்று. உலர்ந்த குதிகாலைத் தடவிப் பார்த்து ஊர் கைதட்டியது, வேட்டு போட்டது, கிணற்றுக்குள் கல்லைக் கொட்டியது.

இருளாயிக்கு அதன்பிறகு கூரை கிடையாது. கிணற்றோடு எந்த வீட்டுக்குள் நுழைய முடியும்? எந்தக் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றுவார்? காடு மேடெல்லாம் நடந்து, பாதம் ஊறி வெளுத்து வெடித்து, கடைசியில் ஊருக்கு அப்பால் குருவிக்காட்டுக்கு ரோடு பிரிகிற விலக்கில், ஒரு பழைய கல்குவாரிப் பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்தாள். கிணறும் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தது. அவள் எழுந்தால் அதுவும் எழும். ஆகவே அவள் எழவில்லை. வெயிலிலும் மழையிலும் ஒரு பனையோலைக் கொட்டகையில் அந்த விளிம்பிலேயே இருந்தாள், முன்னைவிடக் கெட்ட வாயோடு.

கோடை வந்தது. ஆற்றுக்கும் செவக்குறிச்சிக்கும் நடுவில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. அத்தனை ஊரிலும் குழாய்த் திருகு உடைந்துதான் இருந்தது. தண்ணீர் முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு வாரத்துக்கு ஒரு தடவை வந்தது, பிறகு குழாய்கள் காற்றை ஊதின. அப்போதும் கடைசியாக வந்த அன்றைக்குக்கூட, புதுசு வந்துவிட்டதென்று பழசைக் கொட்டியிருந்தார்கள். அந்த ஆற்றுத் தண்ணீர் சாக்கடைக்குள் போனது போனதுதான். சனங்கள் நடக்கும்போது தன்னையறியாமல் திரும்பித் திரும்பிக் குதிகாலைப் பார்த்தார்கள். புழுதி பறந்தது. பஞ்சவர்ணம் தவளைச் சத்தம் கேட்கிறதென்று வாசலுக்கு வாசலாக ஓடிப் பார்த்து ஏமாந்தாள்.

ஒரு நாள் காலையில் ஊர் குடத்தோடு குருவிக்காட்டு விலக்குக்கு வந்து வரிசையில் நின்றது. வரிசைக்கு முன்னால் தனுஷ்கோடி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"கேக்க மாட்டோம்னு ஊரோட சேர்ந்து கத்துன வாயி எங்கடா போச்சு?" என்றாள் இருளாயி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"கேக்க வரல யக்கா. வாங்க வந்திருக்கோம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தள்ளுவண்டிக்காரன் தொழிலைக் கொஞ்சம் கற்றுக்கொண்டுதான் இருக்கிறான்.

"பழைய வெலைதான். குடத்தக் காட்டு."

காட்டினான். எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு உள்ளங்கை அளவு ஆற்றுத் தண்ணீர், கடைசியாக வந்தது, பிசுபிசுத்து நாறிக் கிடந்தது. அவன் பழக்கதோசத்தில் குடத்தைச் சாய்க்கப் போனான்.

"கொட்டுன, உன்னையும் சேத்துத் தள்ளிருவேன். குடி."

"யக்கா, இது நாள்பட்டது..."

"நேத்துத் தண்ணிதானே? குடி. ஒவ்வொருத்தரும் அடியில கெடக்கிறதக் குடிச்சிட்டுத்தான் குடத்த நீட்டணும். குடிக்காதவங்க காத்து வர்ற கொழாயடிக்குப் போகலாம்."

பின்னால் வரிசையில் யாரோ முனகினார்கள். பஞ்சவர்ணம் சத்தமில்லாமல் தன் குடத்து அடியைக் குடிக்க ஆரம்பித்திருந்தாள், கண்ணைப் பள்ளத்துத் தவளைமேல் வைத்துக்கொண்டு. தனுஷ்கோடி குடத்தைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, வாயில் விட்டுக்கொண்டான். தொண்டைக்குழி ஏறி இறங்கிற்று.

"எப்படி இருக்கு தலைவரே? கல்கண்டா?"

அவன் குடத்தை நீட்டினான். அவள் ஊறிப்போன காலை ஒரு எத்து எத்தினாள். தண்ணீர் ஏறி வந்து குடத்தைக் கழுத்துவரை நிரப்பிற்று. அவன் தோளுக்கு ஏற்றும்போது குடம் தளும்பி ஒரு சொட்டு விழுந்தது. வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டது. தனுஷ்கோடி நடக்கவில்லை. குதிகாலைப் பார்த்தபடி, அது வருமென்று காத்து நின்றான்.

அந்தச் சொட்டு அவனை ஒரு பார்வை பார்த்தது. பிறகு புழுதியில் உருண்டு, மெதுவாக, இருளாயியிடம் திரும்பிப் போயிற்று.